மீதி டீச்சரின் வயிற்றெரிச்சல்

அந்த நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மீதி. வகுத்தல் கணக்கைப் பாதி வரைக்கும் போட்டுவிட்டு, கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு தட்டு தட்டி, "மீதி என்ன?" என்று திரும்புவாள். அவள் பார்வை யார் மேல் போய் நிற்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டப்பெயர் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரிதான் இருந்தாள். பயம் இருக்கிற இடத்தில் படிப்பு இருக்கும் என்பது அவள் கட்சி.

அவள் கையில் கணக்கு படித்துத் தோற்றவர்கள் குறைவு. பெருக்கல் வாய்ப்பாடே வராதவன்கூட அவளிடம் ஒரு வருஷம் அடைபட்டுக் கிடந்தால் எப்படியோ கரையேறிவிடுவான். பெற்றோர்கள் அவளைத் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "டீச்சர், உங்க புண்ணியம்" என்பார்கள். அதோடு சரி. பிள்ளைகள் அவளைக் கண்டால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள்.

இதெல்லாம் அவளுக்கு ஒரு குறையாகவே பட்டிருக்காது, கலர் டீச்சர் மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருந்திருந்தால்.

கலர் டீச்சர் ஓவிய டீச்சர். மீதி டீச்சரைவிடக் கொஞ்சம் இளையவள். காலை மணி அடித்து முடிந்த பிறகுதான் மூச்சு வாங்க உள்ளே ஓடி வருவாள். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சாவிக்கொத்தை எங்கே வைத்தோம் என்று தினமும் ஆசிரியர் அறையையே தலைகீழாகப் புரட்டுவாள். அப்படிப்பட்ட ஒருத்திக்காக இடைவேளைதோறும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கும். ஒருத்தி மயிலிறகு கொண்டுவந்திருப்பாள். இன்னொருவன் விழுந்த பல்லைத் தாளில் மடித்து எடுத்து வந்திருப்பான். "டீச்சர், இங்க பாருங்க டீச்சர், இங்க பாருங்க" என்று ஒரே இரைச்சல்.

"விழுந்த பல்லைக் கொண்டுவந்து காட்டுற அளவுக்கு அங்க என்னதான் இருக்கு?" என்று மீதி டீச்சர் ஒருநாள் வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

அவள் கணவர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன்களுக்கு மேற்பார்வையாளர். நாள் முழுக்கக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, எதையும் அவசரப்படாமல் பார்க்கப் பழகிப்போனவர். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "உனக்கு அந்தம்மா மேல பொறாமை" என்றார்.

"பொறாமையா? எனக்கா? பரீட்சையே இல்லாத பாடம் எடுக்கிறவ மேல எனக்கு என்னங்க பொறாமை?"

"சரி, இல்ல."

அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்தான் அவளுக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது.

அந்த வீட்டில் ஒரே மகள். அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. அம்மாவிடமே கணக்குப் படித்தாள். அந்த வருஷம் அவள் கணக்கு நோட்டு ஒரே அலங்கோலமாக இருந்தது. பலகையில் ஆறு என்று இருந்தால் நோட்டில் எட்டாக இருக்கும். மூன்றை ஐந்து என்று எழுதியிருப்பாள். "டீச்சர் பொண்ணே இப்படின்னா மத்தவங்களை நான் எந்த மூஞ்சியோட கேக்கிறது?" என்று வகுப்பிலேயே எழுப்பி நிற்க வைத்தாள். மறுநாளும் அதே கதைதான்.

ஒரு மத்தியானம் கலர் டீச்சர் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு போர்டு சரியாத் தெரியல போல. கண் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டுங்களேன்."

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. பரீட்சைக்கு முன்னாடியே சொன்னா. நீங்களே கவனிச்சிருப்பீங்கன்னு நான் விட்டுட்டேன்."

மீதி டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடினாள். பெற்ற பெண்ணுக்குக் கண் மங்கியதை ஊரான் வீட்டுப் பெண்பிள்ளை வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அன்று சாயங்காலமே மகளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். தடிமனான கண்ணாடி போட வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பி வருகிற வழியில் கேட்டாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ திட்டுவே."

"கண்ணு தெரியலன்னா திட்டுவேனா?"

மகள் புதுக் கண்ணாடி வழியாகத் தெருவிளக்கையும் மரங்களின் இலைகளையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இலை எல்லாம் தனித்தனியாத் தெரியுதும்மா" என்றாள். அந்த வார்த்தையை நாளைக் காலையில் முதல் வேலையாக யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று தாய்க்குத் தெரியும். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அடுத்த வருஷம் நகராட்சி ஒரு வேலை செய்தது. பள்ளி விளையாட்டு மைதானத்தில் பாதியை எடுத்துக் கடைவளாகம் கட்டப் போவதாக அறிவித்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்பதாக ஒரு கூட்டமும் வைத்தார்கள். கேட்பது சும்மா ஒப்புக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் நகராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்பு வைத்த கண்ணாடி, பின்னால் விசிறிக்கொண்டு நிற்க ஓர் ஆள். யார் எழுந்து எதைக் கேட்டாலும், "பரிசீலிக்கிறோம், உட்காருங்க" என்று ஒரே பதில்.

மீதி டீச்சர் பின்வரிசையில் இருந்தாள். தலைமை ஆசிரியர் சொன்னதற்காக வந்தவள்தான். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு கட்டத்தில் பொறுமை போய்விட்டது. எழுந்தாள்.

"மைதானத்துல பாதி போனா, மீதியில எத்தனை பிள்ளைங்க ஓட முடியும்?"

"பரிசீலிக்கிறோம் டீச்சர், உட்காருங்க."

அவ்வளவுதான். வகுப்பறைக் குரல் தானாக வெளியே வந்துவிட்டது.

"நான் உட்கார்றது இருக்கட்டும். முதல்ல நீ எந்திரி. கேள்வி கேட்டா எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

நின்ற பிறகுதான் தான் நிற்பதே அவருக்குத் தெரிந்தது. அவர் ஏழாம் வகுப்பில் அவளிடம் படித்தவர். கைகள் இரண்டும் பழைய பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. மண்டபத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு, விசில், கைதட்டல். விசிறிக்கொண்டிருந்த ஆள்கூடச் சிரித்தான்.

அந்தக் கைதட்டல் மீதி டீச்சரை என்னவோ செய்தது. இத்தனை வருஷ வேலையில் ஒரு ஆண்டு விழாவில்கூட அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. கணக்குக்குக் கைதட்டுகிறவர்கள் யார்? கலர் டீச்சர் மேடைக்குப் பின்னால் ஒரு மலையையும் நிலாவையும் வரைந்து தொங்கவிட்டால் ஊரே தட்டும். இப்போது முதல் தடவையாக ஊர் தனக்காகத் தட்டியது. வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

மைதான விவகாரம் அத்தோடு கிடப்பில் போடப்பட்டது. தேர்தல் நெருங்கியதும் பத்துப் பேர் வீட்டுக்கு வந்து, "நீங்க நில்லுங்க டீச்சர்" என்றார்கள். அவள் வேலையை விட வேண்டியிருக்கும். கணவர் மட்டும், "வகுப்புல எல்லாரும் நீ சொல்றதைக் கேப்பாங்க. அங்க எல்லாரும் சொல்றதை நீ கேக்கணும். முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றாள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, சுயேச்சையாக மனு போட்டாள். சின்னம் ஏணி.

பள்ளியில் வழியனுப்பு விழா நடந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். அத்தனை அட்டைகளும் அழகாக இருந்தன. ஒரே மாதிரி கத்தரித்து, ஓரத்தில் ஒரே மாதிரி கொடி வரைந்திருந்தார்கள். ஓவிய வகுப்பில் உட்கார வைத்துச் செய்ய வைத்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தனக்கு வரும் அன்பைக்கூட அவள் கை வழியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தபடி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள்.

பிரச்சாரத்துக்குச் சுவரொட்டி வரைய ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கலர் டீச்சர் தானாகவே வந்து, "அக்கா, படம் நான் போட்டுத் தர்றேன்" என்றாள். வேலையை விட்டுவிட்டு நிற்கிறவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு பெரிய தாளில் வரைந்து கொண்டுவந்து விரித்தாள். ஏணியில் ஒரு கை வைத்து மீதி டீச்சர் நிற்கிறாள். நெற்றி அவள் நெற்றி, மூக்கு அவள் மூக்கு. சிரிப்பு மட்டும் அவளுடையதில்லை. கன்னத்தில் குழி விழ, யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"நான் எப்ப இப்படிச் சிரிச்சேன்?"

"நீங்க சிரிச்சு நான் பாக்கலக்கா. அதான் பாப்பா சிரிப்பை வச்சு வரைஞ்சேன். உங்க முகத்துக்கு அது கச்சிதமாப் பொருந்திச்சு."

மீதி டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரில் வைத்துப் பார்க்காமல், நினைவிலிருந்தே வரையும் அளவுக்கு அந்தச் சிரிப்பை இவள் எத்தனை தடவை பார்த்திருக்க வேண்டும்! கடைசியாக மகள் தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

படம் அச்சாகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அவள் வீடு வீடாகப் போனபோது பழைய மாணவர்கள் கதவைத் திறந்து, ஒரு கணம் திகைத்து, அவள் முகத்தையும் எதிர்ச்சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வார்டில் ஜெயித்தாள். கட்சிகள் இரண்டும் சரிபாதியாக நின்று முட்டிக்கொண்டதில், கவுன்சிலர்கள் கூடி அவளையே தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். மாலை போடுவதற்கு வந்த ஒரு காய்கறிக்காரம்மா வெள்ளை மனதோடு சொன்னாள்.

"உங்களை முன்னப்பின்ன தெரியாதும்மா. அந்தப் படத்தைப் பாத்துதான் போட்டேன். எவ்வளவு கனிவான முகம்!"

ஜெயித்த அன்றைக்கே அவளுக்கு அந்த வெற்றி கசந்துவிட்டது.

ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, இனி யாரும் கை வைக்க முடியாதபடி செய்தாள். சந்தைக்குப் பின்னால் வருஷக்கணக்காகத் தேங்கி நின்ற சாக்கடையைத் திருப்பிவிட்டாள். ஒப்பந்தக்காரர்கள் அவள் அறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். "மீதி என்ன?" என்று அவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! பழைய தலைவர் இப்போது எதிர்வரிசைக் கவுன்சிலர். கூட்டத்தில் அவளை எதிர்த்துப் பேச எழும்போதெல்லாம், "டீச்சர்" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, "தலைவர் அவர்களே" என்று மாற்றிக்கொள்வார்.

இதற்குள் மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்துக்கு வந்திருந்தாள். கணக்கு நன்றாக வந்தது. தன்னைப் போலவே கணக்கில் பட்டம் வாங்கப் போகிறாள் என்று தாய் முடிவே செய்து வைத்திருந்தாள். ஒருநாள் கலர் டீச்சர் ஏதோ சான்றிதழில் கையெழுத்து வாங்க நகராட்சிக்கு வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்.

"பாப்பா சொல்லியிருப்பாளே அக்கா? கட்டட வடிவமைப்பு படிக்கப் போறாளாம். நல்லா வருவா. கை அவ்வளவு சுத்தம்."

"ம், சொன்னா" என்றாள் மீதி டீச்சர். மகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அன்று முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை. முதலில் கண், இப்போது எதிர்காலம். பெற்று வளர்ப்பது ஒருத்தி, விஷயம் தெரிவது இன்னொருத்திக்கா? இரண்டு வாரம் கழித்து நகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர் மாற்றப் பட்டியல் மேஜைக்கு வந்தது. ரயில் பாதைக்கு அந்தப்புறம் இருந்த நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை, யாரையாவது அனுப்பலாம் என்று குறிப்பு இருந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். கலர் டீச்சருடைய அப்பா படுத்த படுக்கையாக இருப்பதும், மத்தியான இடைவேளையில் அவள் வீட்டுக்கு ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவதும் மீதி டீச்சருக்கு நன்றாகவே தெரியும். ஒரே ஆசிரியர் அறையில் அத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தவள் அல்லவா.

தெரிந்தேதான் அந்தப் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அந்தப்புறத்துப் பிள்ளைகளும் ஓவியம் படிக்க வேண்டாமா என்று ஒரு நியாயம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. கண்டிப்பான தலைவர், பழகியவர் பழகாதவர் என்று பார்க்க மாட்டார் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

வீட்டில் மகள் பேச்சை நிறுத்தினாள். கேட்டதற்கு, ம், சரி, வேண்டாம் என்ற மூன்று சொற்களோடு அவள் குடித்தனம் நடந்தது.

உத்தரவு கிடைத்த மறுவாரம், மனு கொடுக்க வந்தவர்கள் வாசல் வரை வரிசையில் நிற்கும்போது கலர் டீச்சர் நேராக உள்ளே வந்தாள். பியூன் தடுத்தான், அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை.

"தலைவரம்மா, நிர்வாக நலன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் கணக்குல வீக்கு."

"முதல்ல உட்காருங்க."

"உட்கார வரல. மத்தியானம் எங்கப்பாவுக்கு யாரு சோறு ஊட்டுறது? நீங்க வந்து ஊட்டுறீங்களா?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல ஆள் இல்ல. பிள்ளைங்க..."

"பிள்ளைங்களை இதுக்குள்ள இழுக்காதீங்க! என்னைவிட இளசா ரெண்டு டிராயிங் டீச்சர் இருக்காங்க. ஒருத்தி வீடே அந்தப் பக்கம்தான், அவளே போறேங்கிறா. இது எனக்குன்னே போட்டது. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

குரல் உடைந்து கிறீச்சிட்டது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா அக்கான்னு இத்தனை வருஷம் கூப்பிட்டேனே, பிடிச்சா கூப்பிட்டேன்? பயந்து கூப்பிட்டேன். நீங்க ரூம்ல இருந்தா டிபன் டப்பா மூடியைத் திறக்கவே யோசிப்பேன். சத்தம் வந்தா ஒரு பார்வை பாப்பீங்களே, அதுக்குப் பயந்து. உங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது!"

"அப்புறம் எதுக்கு எனக்குப் படம் வரைஞ்சே?"

"கிரவுண்டைக் காப்பாத்தினது யாரு? பிடிக்கலன்னா ஓட்டுப் போடக் கூடாதா? வேலை தெரிஞ்ச ஆள்னு போட்டேன். இப்படிப் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா மீசை வரைஞ்சிருப்பேன்!"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலர் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் மறுபடி உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மீதி டீச்சருக்கு அவமானம்தான். பொதுஜனம் முன்னால் முகத்தில் அறைந்த மாதிரி. ஆனால் அதற்கு அடியில் அவளே எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. மூக்கு சிவந்து, குரல் கிறீச்சிட்டு, பையை மறந்துவிட்டுத் திண்டாடிய அந்தப் பெண்ணைப் பார்த்தபோது வயிறு எரியவில்லை. ஊரெல்லாம் தாங்குகிற ஒரு தேவதையை அல்லவா இத்தனை நாள் எதிரில் உட்கார வைத்திருந்தாள்? இவள் யாரோ ஒரு டீச்சர். அப்பாவுக்குச் சோறு ஊட்ட ஆள் இல்லாதவள். தன்னைப் பார்த்துப் பயந்தவள்.

சாயங்காலம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். விஷயம் ஊருக்குள் அதற்குள் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது.

"நீ வேணும்னேதான் பண்ணினே, இல்ல?"

தாய் செருப்பைக் கழற்றி வைத்தாள். கையைக் கழுவினாள். "ஆமா" என்றாள்.

அம்மா இல்லை என்பாள், சண்டை போடலாம் என்று மகள் தயாராக வந்திருந்தாள். அந்த ஆமாவில் அவளுக்கே பேச்சு தடுமாறியது. "ஏன்மா?"

"உனக்குக் கண்ணு தெரியலன்னு அவகிட்டதானே முதல்ல சொன்னே."

"அம்மா! அது எட்டாங்கிளாஸ்ல!"

"எனக்கு அது நேத்துதான். கட்டட வடிவமைப்பு படிக்கிறதும் அவகிட்டதானே சொன்னே."

கூடத்தில் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

மகள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டாள். "கலர் டீச்சர் திட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவேன். நீ ஒரு வார்த்தை சொன்னா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அதான் உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது சொல்லிப் பாப்பேன். ஒத்திகை மாதிரி."

"ஒத்திகையா?"

"ஆமா. உங்கிட்ட வர்றதுக்குள்ளதான் நீயே வேற யார் மூலமாவோ தெரிஞ்சுக்கிறியே."

மீதி டீச்சர் அடுப்படிக்குப் போய், காலியாக இருந்த பாத்திரம் ஒன்றை எடுத்துக் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவையும் கழுவினாள்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில், ஓவிய ஆசிரியை மாற்றத்தை ரத்து செய்து, அந்தப்புறத்தில் வீடு உள்ளவரையே அங்கே அனுப்பலாம் என்று அவளே தீர்மானம் கொண்டுவந்தாள். பழைய தலைவர் எழுந்தார். இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைக்கும்?

"போன மாசம் நிர்வாக நலன்னு மாத்தினீங்க. இப்ப ரத்துங்கிறீங்க. காரணம் என்ன தலைவர் அவர்களே?"

"முதல் உத்தரவு தப்பு. போட்டது நான்."

"தப்புன்னா என்ன தப்பு? கணக்குத் தப்பா?"

சபை சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருந்தது. மனசுதான் தப்பு."

சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய தலைவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். குறிப்பெழுதிக்கொண்டிருந்த மேலாளர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், மனசு தப்புன்னு தீர்மானத்துல எழுத முடியாதே?"

"நிர்வாக நலன்னே எழுதுங்க. போனதுக்கு அதானே எழுதினோம்."

கலர் டீச்சர் பழைய பள்ளிக்குத் திரும்பினாள். நன்றி சொல்ல வரவில்லை. வந்திருந்தால் மீதி டீச்சருக்குத்தான் தர்மசங்கடமாகியிருக்கும். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். அக்கா என்ற சொல் அதன்பிறகு வரவில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். அது மீதி டீச்சருக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் தடவையும் நின்றாள். இந்த முறை படம் வேண்டாம், ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ போதும் என்று சொல்லிவிட்டாள். போட்டோவில் கணக்கு பீரியட் முகம் அப்படியே இருந்தது. "இதைப் பாத்தா வீட்டுப்பாடம் செஞ்சியான்னு கேக்கிற மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் சிரிச்சு இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று ஆதரவாளர்கள் கெஞ்சினார்கள். மாட்டேன் என்றாள். வாக்குகள் நன்றாகக் குறைந்துதான் போயின. மயிரிழையில் தப்பித்தாள். முடிவு சொன்ன அன்று, முதல் தடவையைவிட அதிகம் சந்தோஷப்பட்டாள் என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை.

அதன்பிறகு ஒரு கட்சி அவளைச் சட்டமன்றத்துக்கு நிற்கக் கூப்பிட்டது. தலைநகரில் இருக்க வேண்டியிருக்கும், எனக்கு என் ஊரே பெரிய தலைவலி என்று மறுத்துவிட்டாள். பதவிக்காலம் முடிந்ததும் ஓய்ந்தாள். இப்போதும் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜனங்கள் புதுத் தலைவரிடம் போவதற்கு முன் அவள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவளும் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புதுத் தலைவருக்கு அதில் உள்ளூரப் புகைச்சல். அது தெரிந்து அவளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மகள் கட்டட வடிவமைப்பு படித்து, வேறு ஊரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பையை வைத்து, சாப்பிட்டு, அம்மாவிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு, சாயங்காலம் கலர் டீச்சர் வீட்டுக்குப் புறப்படுவாள். "நானும் அந்தப் பக்கம்தான் போறேன், வெங்காயம் வாங்கணும்" என்று தாயும் கூட நடப்பாள். தெரு முனை வரை போய், அங்கிருந்து கடைப்பக்கம் திரும்பிவிடுவாள். திரும்பும்போதெல்லாம் அடிவயிற்றில் அந்தப் பழைய சூடு கொஞ்சம் ஏறி இறங்கும். அவள் அதை இப்போது யாரிடமும் மறைப்பதில்லை. கணவரிடம், "அங்க போயிருக்கா" என்பாள். அவரும் "எரியுதா?" என்பார். "லேசா" என்பாள்.

போன விடுமுறையில் கலர் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள். தெரு முனையில் திரும்பப் போனவளைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், இவ்வளவு தூரம் வந்துட்டு அப்படியே போனா எப்படி? ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

மீதி டீச்சர் தயங்கினாள். வெங்காயம் வாங்க வேண்டும் என்றாள். வெங்காயம் எங்கேயும் ஓடிப்போகாது என்றாள் மகள். மீதி டீச்சர் உள்ளே போனாள். நாற்காலியில் கிடந்த தூரிகைகளைக் கலர் டீச்சர் அவசரமாக வாரி ஒதுக்கி இடம் செய்தாள். உட்கார்ந்தார்கள். அப்பா தவறிப்போனதைப் பற்றியும், முட்டிவலியைப் பற்றியும், நகராட்சி தண்ணீர் விடும் லட்சணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லாமல்தான் பொழுது போனது.

வெளியே வந்து பத்தடி நடந்ததும் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீ ரொம்ப சுமார், இல்ல?"

"ஆமாம்மா. எப்பவுமே அவங்களுக்கு டீ போட வராது."

"தண்ணி மாதிரி இருந்தது" என்றாள் மீதி டீச்சர். கடைக்குப் போகும் வழியெல்லாம் அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வெங்காயம் பொறுக்கும்போது இன்னொரு தடவை சொன்னாள்: "பால் காய்ச்சவே இல்ல, வெதுவெதுன்னு ஊத்தியிருக்கா."